முதலில் கயிறு பிடிக்கப் பழகுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளி விவசாயம் செய்யும் குடும்பம். தர்மபுரி அருகே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் எம்.எஸ்சி. முதலாமாண்டு சேர்ந்திருக்கிறேன். இங்கே சீனியர்கள் கிளைம்பிங் அண்டு அவுட்டோர் கிளப் ஒன்று நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டார மலைகளுக்கும், மாதம் ஒருமுறை பெங்களூரில் செயற்கைச் சுவரில் ஏறவும் போகிறார்கள். அறிமுகக் கூட்டத்தில் வீடியோ போட்டார்கள். அதில் இருந்தவர்கள் எல்லாரும் உயரமாக, வாட்டசாட்டமாக இருந்தார்கள். நான் பள்ளியில் கோ-கோ கூட விளையாடியதில்லை. எடை 44 கிலோ. சேர்ந்தால் அவர்களுக்குச் சுமையாகிவிடுவேனோ என்று பயம், ஆசையும் விடவில்லை. அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, விழுந்து கை கால் போனா யார் பார்ப்பா" என்கிறார். ஆண்டுச் சந்தா 1,500 ரூபாயாம். "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். சேரலாமா? லீவில் ஊருக்குப் போகும்போது தம்பியோடு பக்கத்துக் கரட்டில் பழகலாமா?

பாறையேற்றப் பயிற்றுநரின் பதில்:

சேருங்கள் தங்கை. அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சுமை விஷயம். வீடியோவில் பாறையில் தொங்குகிறவரை மட்டும்தான் காட்டுவார்கள். அவருக்குக் கீழே ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏறுகிறவருக்குக் கை நழுவினால் தரைக்கு வராமல் நிறுத்துவது அவர்தான். அந்த வேலைக்குப் பெயர் பிலே. ஒரே கயிற்றில் பத்துப் பேர் மாறி மாறி ஏறினால், பத்து முறையும் கீழே ஒருவர் அப்படி நின்றாக வேண்டும். எல்லாருக்கும் ஏறத்தான் ஆசை. கீழே நிற்கும்போது போன் பார்ப்பவர், அரட்டை அடிப்பவர், நிழலைத் தேடி நகர்கிறவர் என்று எல்லா விதமும் உண்டு. கவனம் சிதறாமல் கயிறு பிடிக்கும் ஆள் கிடைப்பதுதான் எந்த கிளப்பிலும் கஷ்டம். அதற்கு உயரமோ உடல் பலமோ பெரிதாகத் தேவையில்லை. கவனமும், சரியாகச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருந்தால் போதும். ஏறத் தெரிவதற்கு முன்பே நீங்கள் அந்தக் கூட்டத்துக்குத் தேவையான ஆளாகிவிடலாம். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான்: ஏறுவதற்கு முன் கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதை முதலில் கற்றுத்தருகிற கிளப்பாக இருந்தால் அங்கே இருங்கள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். புதியவர்களை 'டாப் ரோப்' முறையில்தான் ஏற்றுவார்கள். ஏறுகிறவரின் ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) கட்டிய கயிறு, மேலே ஆங்கர் (பாறையில் கயிற்றைத் தாங்கும் உறுதியான பிடிமானம்) வழியாகச் சுற்றி, மறுபடி கீழே இறங்கி, உங்கள் ஹார்னஸில் மாட்டிய பிலே கருவிக்குள் நுழைந்து வெளியே வரும். அவர் ஒரு அடி ஏறினால் நீங்கள் ஒரு அடிக் கயிற்றை உள்ளே இழுக்க வேண்டும். கருவியிலிருந்து வெளியே வருகிற பக்கத்தைப் பிடித்திருப்பது பிரேக் கை. வியர்வை துடைக்க, கொசு அடிக்க, முகத்தில் விழும் முடியை ஒதுக்க, எதற்காகவும் அந்தக் கை கயிற்றை விட்டு வரக் கூடாது. அவர் விழுந்தால் பிரேக் கையைத் தொடைப் பக்கமாகக் கீழே அழுத்த வேண்டும். கயிறு கருவிக்குள் வளைந்து உராய்ந்து நின்றுவிடும். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த உராய்வுதான், உங்கள் விரல்கள் அல்ல. அதனால்தான் 44 கிலோ எடையுள்ளவர் எழுபது கிலோ ஆளையும் நிறுத்த முடிகிறது.

அதற்காக எடை வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களைவிட மிகவும் கனமானவர் விழும்போது கயிறு உங்களைத் தரையிலிருந்து மேலே தூக்கும். டாப் ரோப்பில் மேலே ஆங்கரிலும் பாறையிலும் கயிறு உரசுவதால் ஓரளவு சமாளிக்கலாம். லீட் முறை வேறு. அதில் கயிற்றைக் கீழிருந்தே கட்டிக்கொண்டு, வழியில் பாறையில் அடித்திருக்கும் போல்ட்டுகளில் மாட்டிக்கொண்டே ஏறுவார்கள். அங்கே ஒரு பெரிய ஆள் விழுந்தால் உங்களைப் பாறையோடு மோதவைக்கும். மோதிய அதிர்ச்சியில் பிரேக் கை விட்டுப்போகலாம். இதற்கு வழி இருக்கிறது. உங்கள் ஹார்னஸை ஸ்லிங் என்ற உறுதியான நாடாவால் பின்னாலுள்ள மரத்தோடோ பெரிய பாறையோடோ கட்டி வைப்பார்கள். அல்லது உங்களுக்குப் பின்னால் இன்னொருவர் கயிற்றின் வாலைப் பிடித்து நிற்பார். முதல் போல்ட்டில் உராய்வைக் கூட்டும் கருவியும் உண்டு. முதல் சில மாதங்களுக்கு உங்கள் எடைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் டாப் ரோப்பில் மட்டும், பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு பிடியுங்கள். "அண்ணா, உங்க எடை எவ்வளவு?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கீழே நிற்கும்போதும் ஹெல்மெட் தலையில் இருக்கட்டும். மேலிருந்து விழும் கல் உங்களைத்தான் தேடி வரும்.

கிளப் எப்படி என்று தெரிந்துகொள்ள முதல் ஞாயிறு ஏறாவிட்டாலும் பரவாயில்லை, கூடப் போய்ப் பாருங்கள். எவ்வளவு உயரம் ஏறுகிறார்கள் என்று பார்க்காதீர்கள். ஏறுவதற்கு முந்தைய அரை நிமிடத்தைப் பாருங்கள். ஏறுகிறவரும் கயிறு பிடிப்பவரும் நேருக்கு நேர் நின்று ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். ஹார்னஸ் பக்கிள் இறுக்கமாக இருக்கிறதா, கயிறு ஹார்னஸின் இரண்டு வளையத்திலும் நுழைந்திருக்கிறதா, எட்டு வடிவத்தில் போடும் 'எட்டு முடிச்சில்' கயிறு இரண்டிரண்டாக இணையாக ஓடி, வால் ஒரு சாணாவது மிச்சம் இருக்கிறதா, பிலே கருவியை மாட்டும் காராபைனரின், அதாவது உலோகக் கொக்கியின், பூட்டு திருகி மூடியிருக்கிறதா. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, கையால் தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கயிற்றின் சும்மா கிடக்கும் முனையிலும் ஒரு முடிச்சு இருக்க வேண்டும். பாறை நினைத்ததைவிட உயரமாக இருந்து கயிறு நீளம் போதாமல் போனால், ஆளை இறக்கும்போது முனை கருவிக்குள் நழுவி வெளியே வந்துவிடும். அப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது. அந்த ஒரு முடிச்சு இல்லாததால் நேர்ந்த விபத்துகள் உலகமெங்கும் உண்டு.

அந்த கிளப்பிலேயே அனுபவசாலி யாரோ அவரிடம் போய், "அண்ணா, உங்க முடிச்சை நான் ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர் இடுப்பை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டினால், அந்த கிளப்பை நம்பலாம். "நான் எத்தனை வருஷமா ஏறுறேன் தெரியுமா" என்று பதில் வந்தால், அவர் கயிற்றில் நீங்கள் தொங்க வேண்டாம். அனுபவம் முடிச்சைப் போட்டுத் தராது. லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணி, உலகின் தலைசிறந்த பாறையேற்ற வீராங்கனைகளில் ஒருவர். 1989-ல் பிரான்ஸில் பூ என்ற இடத்தில் கயிற்றை ஹார்னஸில் நுழைத்துவிட்டு, முடிச்சை முடிக்காமலேயே ஏறிவிட்டார். உச்சிக்குப் போய், இறக்கச் சொல்லிச் சாய்ந்ததும் கயிறு உருவிக்கொண்டது. இருபது மீட்டருக்கு மேல் விழுந்தார். நடுவில் ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். அதே லின் ஹில்தான் 1993-ல் கலிபோர்னியாவின் எல் கேபிடன் பாறையில் 'நோஸ்' என்ற வழியை, கயிற்றையோ கருவியையோ பிடித்து ஏறாமல், கை காலை மட்டும் நம்பி முதன்முதலாக ஏறி முடித்தவர். ஏறத்தாழ 900 மீட்டர் உயரப் பாறை அது. அதுவரை ஆண்கள் யாருக்கும் முடியாத வேலை. அவர் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். வீடியோவில் பார்த்த வாட்டசாட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு கவலைப்படுகிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

சாமான்களையும் பாருங்கள். நம் பக்கம் லாரித் தொழில் உள்ள ஊர். பாரம் கட்டும் கயிறு எந்தக் கடையிலும் கிடைக்கும். பார்க்கத் தடிமனாக, உறுதியாகத்தான் இருக்கும். அதில் ஆளை ஏற்றுகிற கூட்டமாக இருந்தால் அன்றே திரும்பிவிடுங்கள். ஏறுவதற்கான டைனமிக் கயிறு இழுவையில் நீளும்படி நெய்யப்பட்டது. பெரிய விழுதலில் முப்பது சதவீதம் வரைகூட நீண்டு, விழுகிறவரின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கும். நீளாத கயிற்றில் விழுந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் உங்கள் இடுப்பிலும் முதுகிலும் ஆங்கரிலும் இறங்கும். காராபைனரின் உடலில் எண்கள் பொறித்திருக்கும். நீளவாக்கில் 22 கிலோநியூட்டன் என்று இருந்தால், ஏறத்தாழ 2,200 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தாங்கும் என்று பொருள். எண்ணே இல்லாத, சாவிக்கொத்துக்கு மாட்டுகிற மாதிரிக் கொக்கியை யாராவது பிலேக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். நல்ல கிளப்பில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பதிவு இருக்கும்: எப்போது வாங்கியது, எத்தனை பெரிய விழுதல் தாங்கியது, யார் கடைசியாகச் சோதித்தது. நூலால் நெய்த எதுவும், கயிறோ ஹார்னஸோ, பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பொதுவாகத் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. பேட்டரி ஆசிட் பட்ட கயிறு வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே இற்றுப்போயிருக்கும். கார் டிக்கியில் கயிற்றை எப்படி வைத்து எடுத்து வருகிறார்கள் என்றுகூடப் பாருங்கள்.

யார் கற்றுத்தருகிறார்கள் என்றும் கேளுங்கள். டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் போன்ற இடங்களில் ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும் அடிப்படைப் பயிற்சியை முடித்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருந்தால் நல்லது. என்சிசி வழியாகப் பாறையேற்ற முகாமுக்குப் போய்வந்தவர்களும் கல்லூரிகளில் உண்டு. சான்றிதழே இல்லாமல் நன்றாகக் கற்றவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் "யூடியூபில் பார்த்துக் கற்றோம்" என்பது கயிறு விஷயத்தில் போதாது.

ராப்பெல்லிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் வந்ததும் உற்சாகப்படுத்துவதாக நினைத்து, முதல் நாளே உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கச் சொல்வது நிறைய இடங்களில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்காது. ஏறும்போது கீழே ஒருவர் உங்களைப் பிடித்திருக்கிறார். இறங்கும்போது உங்கள் உயிர் உங்கள் கையில் மட்டும் இருக்கிறது. அதுவும் அன்றுதான் முதன்முதலாகக் கருவியைத் தொட்ட கையில். மேலிருந்து தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு உங்கள் ஹார்னஸில் கட்டியிருந்தால் இறங்குங்கள். இல்லையென்றால், "இன்னிக்கு வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு நடந்து இறங்குங்கள். அப்படிச் சொன்னவரைக் கேலி செய்யாத கூட்டமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். கோ-கோ விளையாடாதது ஒரு குறையே இல்லை. தக்காளித் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து, கூடை சுமந்து வளர்ந்தவருக்கு இடுப்பும் காலும் ஏற்கெனவே பழகியிருக்கும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் நிறைய இடம் ஸ்லாப், அதாவது சாய்வான, வழவழப்பான பாறை. கையால் தொங்கி ஏற அதில் பிடிப்பே கிடைக்காது. பாதத்தின் முன்பகுதியைப் பாறையில் அழுத்தி, குதிகாலைத் தாழ்த்தி, உடம்பைப் பாறையோடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி நிற்க வேண்டும். பயத்தில் எல்லாரும் பாறையைக் கட்டிப்பிடிப்பார்கள். கட்டிப்பிடித்தால் எடை காலிலிருந்து விலகி, கால் வழுக்கும். நிமிர்ந்து நின்றால் கால் பிடிக்கும். இதை நம்ப ஒரு வாரம் ஆகும், ஆனால் நம்பிவிட்டால் 44 கிலோ உங்களுக்கு வசதி. விரல்களைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: தசை சில மாதங்களில் வலுக்கும், விரலின் தசைநார்கள் மெதுவாகத்தான் வலுக்கும். விரல் நுனியில் தொங்கிப் பழகும் பலகையெல்லாம் முதல் ஆண்டில் வேண்டவே வேண்டாம். விரல் மூட்டில் வலி வந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஷூ, ஹார்னஸ், ஹெல்மெட் எதையும் இப்போது வாங்காதீர்கள். ஹார்னஸும் ஹெல்மெட்டும் கிளப் தர வேண்டியவை. கிளைம்பிங் ஷூ சில ஆயிரம் ரூபாய் ஆகும்; ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை காலுக்கு இறுக்கமான, அடிப்பாகம் தட்டையான ஷூ போதும். முழங்கால் மூடும் பேன்ட் போடுங்கள். துப்பட்டா வேண்டாம். மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி விடுதியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பாறை இடுக்கில் மோதிரம் மாட்டி, உடம்பு கீழே போனால் விரலின் தோலையே உரித்துவிடும். நீளப் பின்னலாக இருந்தால் கொண்டையாகப் போட்டு ஹெல்மெட்டுக்குள்ளோ, சட்டைக்குள்ளோ சொருகிவிடுங்கள். கயிறு பிடிக்கும்போதும் இறங்கும்போதும் பின்னல் முன்னால் விழுந்து கருவிக்குள் போனால், கயிறு முடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். பெண்கள் இருக்கும் கூட்டத்தில் நான் முதலில் பார்ப்பது பின்னலைத்தான். மாதவிடாய் நாட்களில் ஹார்னஸ் போடலாமா என்று கேட்கத் தயங்கியிருப்பீர்கள். போடலாம். அசௌகரியமாக இருந்தால் இடுப்புப் பட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் அன்று கயிறு மட்டும் பிடியுங்கள்.

இனி நம் ஊர்ப் பாறைகள். ஏறுவதற்கு ஏற்ற காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. பங்குனி, சித்திரையில் ஏற வேண்டும் என்றால் விடிந்ததும் தொடங்கிப் பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும். சூடான கல்லில் கை வியர்த்து வழுக்கும். மழை பெய்த மறுநாள், பாறையில் கறுப்பாக மேலிருந்து கீழே கோடு போட்டிருக்கும் இடங்களில் கால் வைக்காதீர்கள். அது தண்ணீர் வழியும் பாதை. அங்கே படிந்திருக்கும் பாசி சோப்பு மாதிரி வழுக்கும்.

இன்னொன்றைக் கல்லுடைக்கும் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். நம் பாறைகள் வெயிலிலும் குளிரிலும் வெங்காயத் தோல் போலப் பரப்பில் தகடு தகடாகக் கழலும். மேலே முழுப் பாறையாகத் தெரியும், உள்ளே காற்று இருக்கும். விரல் முட்டியால் தட்டுங்கள். 'ணங்' என்று கெட்டியாகக் கேட்டால் பாறை. 'டொக்' என்று பானையைத் தட்டியது போல் கேட்டால் அது தகடு. அதில் தொங்கக் கூடாது, அதன் பின்னால் ஆங்கர் போடவே கூடாது. கிளப் சீனியர்கள் ஆங்கர் போடும்போது தட்டிப் பார்க்கிறார்களா, ஒரே இடத்தை நம்பாமல் தனித்தனியாக இரண்டு இடத்திலாவது கட்டுகிறார்களா என்று கவனியுங்கள்.

மலைத்தேனீதான் எனக்கு உயரத்தைவிடப் பெரிய பயம். பாறையின் குடைந்த பகுதிகளுக்கு அடியில், முறம் அகலத்தில் கறுப்பாகத் தொங்கும் ஒற்றை அடையைப் பார்த்திருப்பீர்கள். கிட்டே போகாவிட்டாலும் புகை, கூச்சல், கல் விழுவது ஏதாவது ஒன்று போதும், மொத்தமாகக் கிளம்பும். ஒரு தேனீ கொட்டினால் அந்த வாசனையே மற்றவற்றைக் கூப்பிடும். தரையில் இருப்பவர் முகத்தை மூடிக்கொண்டு ஓடலாம். கயிற்றில் தொங்குபவர் எங்கே ஓடுவார்? அதனால் ஏறுவதற்கு முன் பாறை முழுவதையும் சுற்றி நின்று பார்க்க வேண்டும். அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால் எந்தப் பக்கம் அடை இருக்கிறது, எப்போது வந்தது என்று சரியாகச் சொல்வார்கள். அடை இருந்தால் அன்று வேறு பாறை. கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்து எடுங்கள். நிறையக் கொட்டியிருந்தாலோ, மூச்சு திணறினாலோ, முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். போகும் இடத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிறதா, வண்டி யாரிடம் இருக்கிறது என்று கிளப்புக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டை மலைகளைப் பற்றியும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும், 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த ராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. நடந்து ஏறப் பிரமாதமான இடங்கள். முதல் மாதம் காலுக்கும் மூச்சுக்கும் பழக்கம் வர, கிருஷ்ணகிரிக் கோட்டைப் படிகளைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. ஆனால் அந்தப் பாறைகளில் போல்ட் அடிப்பதும் ஆணி இறக்குவதும் குற்றம். மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களைத் தீட்டிய பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன. மல்லசந்திரத்தில் பாறை மேலேயே பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் இருக்கின்றன. யாரும் பதிவு செய்யாத ஓவியங்களும் இந்த மாவட்டங்களில் இன்னும் இருக்கலாம். ஏறுகிறவர்கள் கையில் பூசும் சாக் வெள்ளைப் பொடி. வெள்ளை ஓவியத்தின் மேல் அது படிந்தால் எது பழையது, எது நேற்றுப் பூசியது என்று பிரிக்கவே முடியாது. தாழ்வான குடைவுப் பாறையில் கை வைப்பதற்கு முன் சாய்வான வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். நடுகல் மேல் பை வைப்பது, அதில் கயிறு கட்டுவது இரண்டும் கூடவே கூடாது. நம் ஆட்கள் அதைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாடும் காடு. வத்தல்மலை, சித்தேரி என்று போனாலும் காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. "நமக்குத் தெரிஞ்ச ஃபாரஸ்ட் கார்டுதான், சும்மா போலாம்" என்று சொல்கிற பயணத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு தம்பி கேள்விக்கு என் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். கயிற்றோடு நீங்கள் இருவர் மட்டும் போவது இப்போதைக்குக் கூடாது. கைவிட்ட கல்குவாரிப் பக்கம் எப்போதுமே போகாதீர்கள். வெடி வைத்த பாறையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கே ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, கீழே தேங்கிய தண்ணீருக்கு ஆழமும் தெரியாது. ஆனால் லீவு வீணாக வேண்டாம். கரட்டின் அடியில், தரை சமமாக உள்ள ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து, கால் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாதபடி பக்கவாட்டிலேயே நகர்ந்து பழகுங்கள். காலை நம்ப இதைவிட நல்ல வழி இல்லை. பாறை இடுக்குக்குள் கையை நுழைப்பதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள்; சுருட்டை விரியன் இருக்கும் ஊர் இது. வீட்டில் மூன்று மீட்டர் கயிறு வாங்கி வைத்துக்கொண்டு எட்டு முடிச்சைக் கண்ணை மூடிப் போடும் வரை பழகுங்கள். தம்பியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவனுக்கும் வந்துவிடும்.

அம்மா விஷயத்தில் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒழுக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. மலையில் ஒரு விபத்து நடந்தால், ஆள் எங்கே போயிருக்கிறார் என்று ஊரில் ஒருவருக்காவது தெரிந்தால்தான் உதவி நேரத்துக்கு வரும். எந்த மலை, யார் யார் வருகிறார்கள், பொறுப்பான பேராசிரியர் யார், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கியதும் அழையுங்கள். சொன்ன நேரம் தாண்டி எவ்வளவு நேரம் பொறுத்து, யாருக்கு போன் போட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். அந்தத் தாளைப் பார்க்கும்போது, இதை நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவருக்குப் புரியும். இரவு தங்கும் பயணங்களுக்குக் கூடவே பெண் சீனியர்கள் வருகிறார்களா, தங்கும் இடம் தனியா என்று கேட்பது அவர் உரிமை, உங்கள் உரிமையும்தான். முடிந்தால் ஒரு ஞாயிறு அவரையே அடிவாரத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் ஏறுவதைக் காட்ட வேண்டாம். நீங்கள் கயிறு பிடித்து இன்னொரு பிள்ளையைப் பத்திரமாக இறக்குவதைக் காட்டுங்கள். அப்புறம் அவர் கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

கையெழுத்துக் கேட்கும் தாள் உலகம் முழுக்க உள்ள வழக்கம். இந்த வேலையில் ஆபத்து உண்டு என்று தெரிந்தே வருகிறேன் என்பதற்கு அது. கயிறு பழசாக இருந்தது, ஆங்கர் தப்பாகப் போட்டிருந்தது என்றால் அதற்கும் நீங்களே பொறுப்பு என்று ஆகிவிடாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதும் படியுங்கள். ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு போன் எண் ஆகியவற்றைக் கேட்காத தாளாக இருந்தால் நீங்களே கீழே எழுதிக் கொடுங்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்து நடக்கும் கிளப்பா, பொறுப்பாசிரியர் உண்டா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

கடைசியாகச் சந்தா. கயிறு, ஹெல்மெட், சுவருக்கான கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,500 என்பது நியாயமான தொகைதான். ஆனால் இன்றே கட்ட வேண்டாம். இரண்டு ஞாயிறு விருந்தினராக வந்து பார்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். நல்ல கிளப் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு சனிக்கிழமை விடுதித் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ரயிலில் பெங்களூருக்குப் போய்வாருங்கள். தர்மபுரியிலிருந்து உங்கள் பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகத்தான் அந்தப் பாதை போகிறது. கண்டீரவா ஸ்டேடியத்தில் ஏறுவதற்கென்றே கட்டிய சுவர் இருக்கிறது. தனியார் உள்ளரங்கச் சுவர்களும் ஊருக்குள் உண்டு. எங்கே போனாலும், ஏறக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்காமல், பிலே கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். போவதற்கு முன் போன் செய்து, எந்த நேரத்தில் பயிற்றுநர் இருப்பார் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.